ஞாயிற்றுக்கிழமை ஒரு எபிசோட்

மயிலாடி,
வெள்ளிக்கிழமை, நல்ல மழை.

அன்பு மகன் சிஜினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாருக்கும் சுகம். சுகமில்லாத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனை வாங்கித் தந்தது நீ. அதில் எல்லாவற்றையும் ஏற்றித் தந்தது உன் தங்கை. என் வாட்ஸ்அப் அவளுடைய லேப்டாப்பிலும் திறக்கிறது என்று போன வாரம்தான் கண்டுபிடித்தேன். உனக்கு நான் அனுப்பிய வேத வசனம் அவள் மேஜையில் இருந்து என்னை எட்டிப் பார்த்தது. கேட்டால், போன் தொலைந்துபோனால் உதவும் என்று வைத்திருக்கிறாளாம். என் போன் இதுவரை தொலைந்ததில்லை. அதனால் பக்கத்து வீட்டு நேசபாயின் மருமகன் சிலுவை ஞாயிற்றுக்கிழமை பஹ்ரைனுக்குத் திரும்பும்போது அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். முந்திரிக்கொத்து டப்பாவுக்கு அடியில் இருக்கும். உறையைப் பசை போட்டு ஒட்டி அதன் மேல் செலோடேப்பும் சுற்றியிருக்கிறேன். சிலுவை நல்ல பையன்தான். இருந்தாலும் டேப் கிழிந்திருந்தால் எனக்குச் சொல்.

விஷயம் இதுதான். ஸ்மைலின் யாரையோ விரும்புகிறாள். மார்த்தாண்டத்து வரன் வீட்டார் கிறிஸ்துமஸுக்குள் ஒரு சொல் கேட்கிறார்கள். பையனை உனக்குத் தெரியும், குறை சொல்ல ஒன்றுமில்லை. இவளிடம் கேட்டால் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை, "கொஞ்சம் பொறும்மா" என்கிறாள். நான் வாக்குக் கொடுத்த பிறகு இவள் வேறொருவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், அப்பா இல்லாத வீட்டில் அம்மா வளர்த்த லட்சணம் என்று சபை முழுக்கப் பேசும். பேசினால் பேசட்டும். அப்பா போன இந்த எட்டு வருஷமாக எனக்கென்று இருக்கிற பிள்ளை, என்னிடம் மறைத்தாளே என்பதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆதாரம் இல்லாமல் நான் பேச மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். கணக்கு டீச்சராக இருந்து, வருஷா வருஷம் பரீட்சை ஹாலில் நடந்து தேய்ந்தவள் நான். பிட்டுத்தாள் காலரில் இருக்கிறதா, ஸ்கேலுக்கு அடியில் இருக்கிறதா என்று பிள்ளைகளின் முழங்கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

முதல் ஆதாரம் டிவி. ஓணத்துக்கு நம் மாவட்டத்தில் லீவு விட்ட அன்று ஸ்மைலின் நெட்டில் படம் காட்டுகிற ஒரு சின்னக் குச்சியை வாங்கி வந்து டிவியின் பின்னால் சொருகினாள். இனி சீரியல் பார்க்க வேண்டாம், நல்ல தொடர் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து ஒரே ஒரு எபிசோட், அம்மாவும் மகளும் சேர்ந்து பார்க்கலாம் என்றாள். சிந்தித்துப் பார். சாப்பிடும்போதுகூட போனை விட்டுக் கண்ணை எடுக்காத பெண், அம்மாவோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்கிறாள்.

தொடரின் பெயர் 'அம்மாவுக்கு லீவு'. சிரிப்புத் தொடர். கோயம்புத்தூரில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்குப் புருஷன் இல்லை, என் வயது இருக்கும். பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவள். அவளுக்கும் பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருக்கிற ஒரு மனிதருக்கும் பிரியம் வருகிறது. மகனுக்கு மயக்கம் வருகிறது, மருமகள் விசில் அடிக்கிறாள், கொழுந்தன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறான். கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொருவராக மனம் மாறி, கொழுந்தனே போன வாரம் பன்னும் டீயும் சாப்பிட அந்த பேக்கரிக்குப் போகிறான். இதுவரை பார்த்த கதை இதுதான். இதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது?

பாடம் இருக்கிறது. நன்றாக யோசித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. யானையை முதலில் காட்டிவிட்டு ஆட்டுக்குட்டியை விற்கிற வித்தை இது. அறுபது ஆன ஒரு விதவை பேக்கரிக்காரரைக் கட்டிக்கொள்வதையே ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்கிறது என்று வாரா வாரம் எனக்குக் காட்டினால், நாளைக்கு இவள் ஒருவனைக் கூட்டி வரும்போது, அட, இவ்வளவுதானா என்று நான் சும்மா இருந்துவிடுவேனாம். என் வயிற்றில் பிறந்தவளுக்கு இந்த அளவு புத்தி இருக்கிறது என்பதில் ஒரு பக்கம் சந்தோஷம்தான்.

தொடர் ஓடும்போது அவள் டிவியைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். காப்பி அடிக்கிற பிள்ளை தாளைப் பார்க்காது, டீச்சரைத்தான் பார்க்கும். நாலாவது எபிசோடில் அந்த அம்மா பேக்கரிக்காரர் கொடுத்த கேக்கைப் பீரோவுக்குள் சேலைக்கு நடுவில் ஒளித்து வைத்து, எறும்பு வந்து மாட்டிக்கொள்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்மைலின் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இருமினேன். ஒவ்வொரு எபிசோடும் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கிறாள். அந்த அம்மா செய்ததில் என்ன தப்பு, அவள் மகனுடைய இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று. கதை எழுதினவனிடம் போய்க் கேள் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன். 'பிடி கொடுக்காதே' என்று உன் அப்பா சொல்வாரே, அது இப்போது உதவுகிறது.

இரண்டாவது, ஆள் யார் என்பது. அதுவும் தெரிந்துவிட்டது. கல் பட்டறை ஜான்ரோஸின் மகன் டிஜோ. கம்ப்யூட்டரில் படம் போட்டு மிஷினில் கல் அறுக்கிறானே, அவன்தான். நேசபாய் நாகர்கோவிலுக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனவள், வடசேரியில் ஜூஸ் கடையில் இருவரையும் பார்த்திருக்கிறாள். "ரெண்டு தலையும் ஒரே போனுக்குள்ள கெடந்து, தேவகனி. நான் பக்கத்துல நின்னதுகூட அதுவளுக்குத் தெரியல்ல" என்றாள். நேசபாய்க்கு ஒரு கண்ணில் புரை இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன். மற்றக் கண் நன்றாகத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்த ஸ்மைலினிடம், வழியில் யாரையாவது பார்த்தாயா என்று சாதாரணமாகக் கேட்டேன். டிஜோ அண்ணனைப் பார்த்தேன் என்றாள். பள்ளிக்கூட நாளில் 'லே டிஜோ' என்று கூப்பிட்டவள், இப்போது 'அண்ணன்' என்று அழுத்தி அழுத்திச் சொல்கிறாள். கேட்காமலே அண்ணன் என்று சொன்னால் அங்கே அண்ணன் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, ஜான்ரோஸுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த மனிதரை உனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கல்லறைக் கல் செய்து தந்தவர். இரண்டு பாதியாகக் கல்லைப் பிரித்து ஒரு பாதியில் அப்பா பெயரை வெட்டி, மறு பாதியை எனக்காக வெறுமையாக விட்டார். நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். அவருடைய மனைவி இறந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாத ஆள். அப்படிப்பட்டவர் இந்த வருஷம் ஓணத்துக்கு முன்னால் கோயிலில் நடந்த அறுப்புப் பண்டிகை ஏலத்தில் என்ன செய்தார் தெரியுமா? நம் வீட்டில் இருந்து காணிக்கையாகக் கொண்டுபோன மட்டி வாழைக்குலையை விட மாட்டேன் என்று ஏற்றிக்கொண்டே போனார். எதிரே கேட்டவர்கள் எல்லாம் சிரித்து விட்டுவிட்டார்கள். ஏலம் போட்ட கமிட்டிக்காரரே, போதும் ஜான்ரோஸ், ஆண்டவருக்கே வெட்கம் வரும் என்றார். கோழியை எடுத்திருக்கலாம், பலாக்காயை எடுத்திருக்கலாம். சர்க்கரை வியாதிக்காரருக்கு ஒரு குலை மட்டிப்பழம் எதற்கு? நம் வீட்டின் மேல் ஒரு கண் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. மகனுக்காகத் தூண்டில் போடுகிறார்.

அதற்குப் பிறகு துவைக்கிற கல் ஒன்று கொண்டு வந்து கிணற்றடியில் போட்டார். பழைய கல் வெடித்திருக்கிறது என்று கோயில் வாசலில் நான் யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. பணம் வாங்கவில்லை. ஸ்மைலின் ஆபீசில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வந்தார். பெண் கேட்கிற எண்ணம் உள்ளவர் பெண் இல்லாத நேரத்தில் ஏன் வர வேண்டும் என்று நீ கேட்பாய். நம்மை ஏமாற்றத்தான். நானாக உட்காரச் சொல்லவில்லை. மழை வந்ததால் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். சீனி போடவில்லை, வியாதி என்று தெரிந்த பிறகு போடுவது பாவம். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருந்தார். அப்பாவின் சைக்கிளைப் பற்றி, பேச்சிப்பாறைக்கு அந்தக் காலத்தில் எல்லாரும் டூர் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். புதுச் சட்டை போட்டிருந்தார், வெள்ளை. கல் தூக்க வருகிறவர் வெள்ளைச் சட்டையில் வருவாரா? எல்லாமே திட்டம்.

ஆகவே நீ போனில் அவளிடம் பேசு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அண்ணன் கேட்டால் சொல்வாள். டிஜோ நல்ல பையன் இல்லை என்று நான் சொல்லவில்லை. மறைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை.

மக்கா, சிலுவையின் பயணம் தள்ளிப்போயிருக்கிறது. டிக்கெட்டில் ஏதோ குழப்பம், அடுத்த சனிக்கிழமைதான் போகிறான். முந்திரிக்கொத்து கெட்டுப்போகாது. ஆனால் கடிதம் கெட்டுப்போய்விட்டது. மேலே எழுதியது எதையும் நான் அடிக்கவில்லை. எந்த வழியாகத் தப்பு விடைக்குப் போனார்கள் என்பது தாளில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அப்பாவின் கல்லைக் கழுவப் போனேன். வாளியும் துடைப்பமும் கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே ஜான்ரோஸ் இருந்தார். பாசியைச் சுரண்டி எடுத்து, அப்பாவின் பெயருக்குக் கறுப்பு மை தீட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் எழுத்து புதிதாக இருப்பதற்கு மழைதான் காரணம், நல்ல கல் என்று நான் நினைத்திருந்தேன். எதையும் உற்றுப் பார்க்கிற எனக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

இதுதான் சமயம் என்று நேராகக் கேட்டுவிட்டேன். உங்கள் மகனுக்கு என் மகள் மேல் எண்ணம் இருந்தால் மரியாதையாக வீட்டுக்கு வந்து கேட்கலாம், ஏலத்தில் குலை எடுப்பதும் துவைக்கிற கல் போடுவதும் என்ன வழக்கம் என்றேன். மனிதர் மைத்தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு, டிஜோவுக்குக் குலசேகரத்தில் பெண் பேசி முடித்தாகிவிட்டது, தை மாதம் கல்யாணம், ஸ்மைலினுக்கு அது முதலிலேயே தெரியும் என்றார். அப்படியானால் இரண்டு பேரும் ஜூஸ் கடையில் தலையைச் சேர்த்து வைத்து என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். தூரிகையைத் துணியில் துடைத்தார். துடைத்த தூரிகையை மறுபடியும் துடைத்தார்.

"அது நம்மளப் பத்தியாக்கும், டீச்சர்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்தது என்றும் எழுதலாம், நீ என் மகன், உன்னிடம் பொய் எதற்கு. என் புருஷனின் தலைமாட்டில் நின்று பேசுகிற பேச்சா இது என்று சத்தம் போட்டேன். அவர் மைக்குப்பியை மூடினார். தாமாக யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். ஏலத்தன்று அந்தக் குலையை வீட்டுக்குக் கொண்டு போனபோதே டிஜோ கேட்டுவிட்டானாம், சுகர் உள்ள ஆளுக்கு மட்டிக்குலை எதற்கு என்று. நான் போட்ட அதே கணக்குதான், அவனுக்கு விடை சரியாக வந்திருக்கிறது.

பிறகு ஜான்ரோஸ் கல்லின் வெறும் பாதியைக் காட்டி ஒன்று சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "இந்த எடத்த நான் கேக்கல்ல டீச்சர். இது சாருக்க பக்கத்துல ஒங்களுக்கு உள்ளதாக்கும், நானே வெட்டித் தருவேன்னுதான் நெனச்சது. அதுக்கு முன்ன உள்ள நாளத்தான் கேக்கேன்."

வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி வழியில் மழை பிடித்த பிறகுதான் குடையை அங்கேயே வைத்துவிட்டது தெரிந்தது. மறுநாள் காலையில் குடை நம் கேட்டில் தொங்கியது. கொண்டு வந்தவர் கூப்பிடவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

நனைந்த தலையோடு வந்து டிவியைப் போட்டேன். ஸ்மைலின் இன்னும் ஆபீசில் இருந்து வரவில்லை. அந்தக் குச்சியை இயக்க எனக்கு ஒரு மாதமாகத் தெரியும், தெரியாததுபோல் இருந்தேன். தொடரைத் திறந்தால் ஒவ்வொரு எபிசோடுக்கும் அடியில் பார்த்த அளவுக்குச் சிவப்புக் கோடு வரும். நாங்கள் பார்த்தது ஆறு. ஏழுக்கும் எட்டுக்கும் அடியில்கூட சிவப்புக் கோடு இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை ஓடியிருந்தது. யார் முன்கூட்டியே பார்த்தது என்று மேலே பார்த்தேன். மூலையில் ஒரு வட்டத்துக்குள் கணக்கு வைத்திருப்பவரின் பெயர் இருந்தது. சிஜின்.

ஆக, குற்றவாளி ஒருவனுக்கே உட்கார்ந்து புகார்க் கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஸ்மைலின் வந்ததும் கேட்டேன். அண்ணன்தான் ஆரம்பிச்சான் என்று ஒரே நொடியில் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். ஹாலில் பிடிபடுகிற எல்லாரும் சொல்கிற முதல் வாக்கியம் அது. டிஜோ உனக்குப் போன் செய்தானாம், நீ இரண்டு நாள் பேசாமல் இருந்தாயாம், மூன்றாம் நாள் நீயாகக் கூப்பிட்டு, அம்மாவிடம் நேராகச் சொன்னால் துடைப்பத்தை எடுப்பாள், சிரிக்க வைத்துச் சொல்லலாம் என்று இந்தத் தொடரைத் தேடிக் கண்டுபிடித்தாயாம். அந்த இரண்டு நாள் நீ என்ன நினைத்தாய் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

மார்த்தாண்டத்து வரனை ஏன் இழுத்தடித்தாய் என்றும் அவளிடம் கேட்டேன். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதாம், போன மாதமே பிடித்துவிட்டதாம். "நான் போனா நீ யாருகூட இருப்ப?" என்றாள். அழுதேன். எழுதிவிட்டேன், இதையும் அடிக்க மாட்டேன்.

இப்போது வேறு யாரையும் சந்தேகப்பட மிச்சம் இல்லாததால் என்னையே சந்தேகப்படுகிறேன். ஏலத்துக்கு இந்த வருஷம் தோட்டத்திலேயே பெரிய குலையாகப் பார்த்து நான் ஏன் வெட்டினேன்? துவைக்கிற கல் வெடித்ததை அவருக்குக் கேட்கிற தூரத்தில் நின்று ஏன் சொன்னேன்? அந்தக் கல்லில் பெரிய வெடிப்பு ஒன்றுமில்லை, இன்னும் இரண்டு வருஷம் தாங்கியிருக்கும். ஹாலில் நான் நடந்தபோது இப்படிப்பட்ட ஒரு பிள்ளையைப் பார்த்திருந்தால் எழுப்பி வெளியே அனுப்பியிருப்பேன்.

ஊர் பேசும். கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிறு பெயர் வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்கும்போது எல்லாத் தலையும் திரும்பும். நேசபாய் இரண்டு கண்ணாலும் பார்ப்பாள். அதற்கெல்லாம் எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் எனக்குப் பெரிய பயம் நீதான். அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவன் நீ. உன் மனதில் ஒரு ஓரத்தில் வலி இருந்து, அம்மா தனியாக இருக்கிறாளே என்று அதை மறைத்து, தொடர் தேடித் தந்திருந்தால்? போனில் கேட்டால், ஒன்றுமில்லை அம்மா என்பாய். உன் குரலை நான் நம்ப மாட்டேன். முகத்தைப் பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.

ஜான்ரோஸுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எதிர்ப்பக்க பெஞ்சில் தலை குனிந்து இருந்தார். அன்று மதியம் நானும் ஸ்மைலினும் ஏழாவது எபிசோட் பார்த்தோம். எட்டாவது இருக்கிறது. அவள் போடட்டுமா என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். நீ வந்த பிறகு பார்க்கலாம். நீ ஏற்கெனவே பார்த்திருந்தாலும் பரவாயில்லை, திரும்பவும் பார். இந்தத் தடவை நான் டிவியைப் பார்க்கப் போவதில்லை, உன்னைத்தான் பார்ப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு எப்படியாவது லீவு கேட்டு வா, மகனே. ஸ்மைலினுக்கு ஏதோ பவுடர் வேண்டுமாம், அதன் பெயரை அவளே அனுப்புவாள். சிலுவை வீட்டுக்கு டாங் ஜூஸ் பொடி வாங்கி வா. அப்புறம், அங்கே கடைகளில் சீனி சேர்க்காத சாக்லெட் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். நல்லதாகப் பார்த்து ஒரு டப்பா வாங்கி வா. யாருக்கு என்று மட்டும் கேட்காதே.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

உன் அன்பு அம்மா,
தேவகனி